கடலில் நிகழும் குற்றங்களும் புலனாய்வு இதழியலும்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது பெங்களூரு. மங்களூர்த் துறைமுகம் அந்நகரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனினும், இந்தியக் கடற்பரப்பில் இடருக்குள்ளாகும் மனிதர்களின் குரல் முதலில் வந்து சேரும் இடம் இந்நகரமே. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தரைநிலைய வலையமைப்பைச் சேர்ந்த இந்தியப் பணிக் கட்டுப்பாட்டு மையம் இங்கு இயங்கி வருகிறது. மீன்பிடிப் படகு ஒன்றில் பொருத்தப்பட்ட இடர் எச்சரிக்கைக் கருவியின் பொத்தான் அழுத்தப்பட்டதும், அச்செய்தி செயற்கைக்கோள் வழியாக இம்மையத்தை அடைகிறது. படகின் அடையாளமும் இருப்பிடமும் கண்டறியப்பட்டு, கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்கு உடனே தெரிவிக்கப்படுகின்றன. 2010 முதல் நடைமுறையில் உள்ள இக்கருவிகள் 20,000-க்கும் மேற்பட்டவை பயன்பாட்டுக்கு வந்துள்ளன. செய்தி கிடைத்துவிட்டது என்ற மறுமொழியை மீனவருக்கே திருப்பி அனுப்பும் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024-இல் அறிமுகப்படுத்தப்பட்டது.

கடலோடு தொடர்புடைய மற்றோர் அமைப்பும் பெங்களூருவில் உள்ளது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் வழக்குகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குக் கப்பல்களின்மீது நேரடி அதிகாரம் வழங்கியுள்ளது. மாநிலத்தின் கடற்பரப்பில் நிற்கும் கப்பல், அதன் உரிமையாளர் எந்நாட்டவராயினும், ஊதியப் பாக்கிக்காகத் தடுத்து நிறுத்தப்படலாம்.

இவ்விரு ஏற்பாடுகளும் பெரும் பயன் தரத்தக்கவை. ஆயினும் பொத்தானை அழுத்துவதற்கு ஒருவர் வேண்டும். வழக்கைத் தொடுப்பதற்கும் ஒருவர் வேண்டும். பாஸ்போர்ட்டைக் கப்பல் தலைவனிடம் பறிகொடுத்து, மாதக்கணக்கில் கரையைக் காணாது வேலை செய்யும் தொழிலாளிக்கு இவ்விரண்டும் இயலாதவை. படகு மூழ்கினால் விண்கலம் அறியும். படகில் மனிதன் அடிக்கப்பட்டால் அது அறியாது. இத்தகையோரின் நிலையைச் சான்றுகளோடு வெளிக்கொணரும் பணியைப் புலனாய்வு இதழியல் மேற்கொண்டுள்ளது. அப்பணி எவ்வாறு நடைபெறுகிறது, அதன் பயன்களும் எல்லைகளும் யாவை, அதிலிருந்து நிருவாகம் கற்க வேண்டியது யாது என்பவை இங்கு ஆராயப்படுகின்றன.

கடலின் சட்ட எல்லைகள்

நிலத்தில் ஒரு குற்றம் நிகழ்ந்தால் எந்தக் காவல் நிலையத்துக்கு உரியது என்ற கேள்விக்கு விரைவில் விடை கிடைத்துவிடும். கடலில் அவ்வாறன்று. 1982-இல் ஏற்கப்பட்டு 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995-இல் உறுதி செய்தது. இதன்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல். 24 கடல் மைல் வரை தொடர்ச்சி மண்டலம். 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். அதற்கப்பால் உள்ளது எந்நாட்டுக்கும் உரியதல்லாத பெருங்கடல். அங்கே செல்லும் கப்பலின்மீது, அது எந்நாட்டின் கொடியைத் தாங்கியுள்ளதோ அந்நாட்டுக்கே பொதுவாக அதிகாரம் உண்டு.

நடைமுறையில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. ஒரு நாட்டவர் கப்பலின் உரிமையாளராகவும், மற்றொரு நாட்டு நிறுவனம் அதனை நடத்துவதாகவும், மூன்றாம் நாட்டில் அது பதிவு செய்யப்பட்டதாகவும், நான்கைந்து நாட்டவர் அதில் பணிபுரிவதாகவும் அமைவது இன்று இயல்பாகிவிட்டது. குறைந்த வரிக்காகவும் தளர்ந்த கண்காணிப்புக்காகவும் தெரிந்தெடுக்கப்படும் இத்தகைய பதிவினை வசதிக்கொடி என்பர். கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருத்தல் வேண்டும் என உடன்படிக்கை கூறினும், அத்தொடர்பு யாது என்பதை அது வரையறுக்கவில்லை.

இந்தியா நேரில் அறிந்த இரு நிகழ்ச்சிகள் இச்சிக்கலை விளக்கப் போதுமானவை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 கடல் மைல் தொலைவில், ‘என்ரிக்கா லெக்ஸி’ என்னும் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவல் பணியிலிருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில், ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகிலிருந்த இருவர் உயிரிழந்தனர். வீரர்களை விசாரிக்கும் உரிமை எந்நாட்டுக்கு உரியது என்பதைத் தீர்மானிக்க எட்டு ஆண்டுகள் கடந்தன. அவ்வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு என்றும், இந்தியா இழப்பீடு பெற உரிமையுடையது என்றும் 2020-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாயை இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடியாகவும் படகு உரிமையாளருக்கு 2 கோடியாகவும் பகிர்ந்தளிக்குமாறு பணித்து, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது.

இரண்டாவது நிகழ்ச்சி தூத்துக்குடிக் கடலில் நேர்ந்தது. 2013 அக்டோபரில் ‘சீமேன் கார்டு ஒகையோ’ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை தடுத்து நிறுத்தியது. அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு உரிய அக்கப்பல் சியரா லியோன் நாட்டின் கொடியைத் தாங்கியிருந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காப்பதற்கான ஆயுதங்கள் அதில் இருந்தன. பல நாட்டைச் சேர்ந்த 35 பேர் கைதாயினர். 2016 ஜனவரியில் விசாரணை நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. ஒரே நிகழ்ச்சியைச் சட்டம் இருவேறு விதமாகக் காண இயலும் அளவுக்குக் கடலின் எல்லைகள் மங்கலானவை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

குற்றங்களின் இயல்பு

கடலில் நிகழும் உரிமை மீறல்களுள் முதன்மையானது கட்டாய உழைப்பு. உலகெங்கும் மீன்பிடிக் கலங்களில் 1,28,000 பேர் கட்டாய உழைப்பில் சிக்கியுள்ளனர் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் அதன் கூட்டமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. கடலின் நடுவே கணக்கெடுப்பு கடினம் ஆதலின், உண்மை நிலை இதனினும் மிகுதியாக இருக்கலாம் என்பதை அவ்வறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

இதன் தொடக்கம் பெரும்பாலும் கரையிலேயே உள்ளது. வறுமையுற்ற ஓர் ஊருக்கு ஏஜெண்டு வருகிறான். ஆலை வேலை என்றோ நல்ல சம்பளம் என்றோ கூறி முன்பணம் தருகிறான். பயணச் செலவு, ஆவணச் செலவு, உணவுச் செலவு எனக் கடன் வளர்கிறது. கலத்தில் ஏறிய பின்னரே வேலையின் தன்மை தெரிய வருகிறது. ஆவணங்கள் தலைவனிடம் இருப்பதால் இறங்கும் துறைமுகத்திலும் தொழிலாளி சட்டவிரோதக் குடியேறியாகவே கருதப்படுவான். நம் நாட்டின் செங்கல் சூளைகளிலும் கல்குவாரிகளிலும் காணப்பட்ட கொத்தடிமை முறையின் அதே இலக்கணம் இது. வேலி மட்டும் நீரால் ஆனது.

நடுக்கடலில் சரக்கு மாற்றும் முறை இந்நிலையை நீடிக்கச் செய்கிறது. மீன்பிடிக் கலம் பிடித்த மீனைக் குளிர்பதனக் கப்பல் பெற்றுக்கொண்டு, எரிபொருளும் உணவும் வழங்கிச் செல்கிறது. இதனால் கலம் கரைக்கு வர வேண்டிய தேவையே இல்லை. பல கலங்களின் மீன் ஒரே கிடங்கில் கலந்துவிடுவதால், எந்த மீன் யாருடைய உழைப்பால் கிடைத்தது என்பதும் மறைந்துவிடுகிறது.

வணிகக் கப்பல்களில் காணப்படும் கொடுமை வேறு வகையானது. நட்டமடைந்த உரிமையாளர் கப்பலையும் மாலுமிகளையும் ஏதேனும் ஒரு துறைமுகத்தில் கைவிட்டு மறைந்துவிடுகிறார். கப்பலை விட்டு இறங்கினால் ஊதியப் பாக்கியை இழக்க நேரும் என்றும், குடியேற்றச் சட்டம் இடம் தராது என்றும் மாலுமிகள் உள்ளேயே தங்கிவிடுகின்றனர். 2024-ஆம் ஆண்டில் 312 கப்பல்களில் 3,133 மாலுமிகள் இவ்வாறு கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்கிட்டது. அவர்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றவர்கள் இந்தியர் என்பது நமக்கு நேரடியான கவலை தருவதாகும்.

முன்னோடிகள்

எழுத்தின் வழியே கடல்சார் கொடுமைகளை வெளிப்படுத்திச் சட்டத்தை மாற்றிய முயற்சிகள் புதியன அல்ல. 1873-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால், மிகைச் சுமை ஏற்றப்பட்டும் காப்பீட்டுப் பணத்தை நம்பியும் அனுப்பப்பட்ட பழுதடைந்த கப்பல்களைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். மக்கள் எழுப்பிய கண்டனத்தின் விளைவாக 1876-இல் சட்டம் பிறந்தது. கப்பலின் பக்கத்தில் சுமை எல்லையைக் காட்டும் கோடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நம் நாட்டின் அனுபவம் இதனினும் நெருக்கமானது. 1879 முதல் ஃபிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவும் தமிழரும் தெலுங்கரும் அனுப்பப்பட்டனர். அத்தீவில் 21 ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய தோத்தாராம் சனாத்யாவின் இந்தி நூல் 1914-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே சி. எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும் ஃபிஜிக்குச் சென்று, தோட்டங்களைப் பார்வையிட்டு, தொழிலாளரைக் கண்டு பேசி, அறிக்கை அளித்தனர். 1917-இல் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி 1 அன்று ஃபிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவரின் வாய்மொழி, நேரில் கண்ட சான்று, சட்டமன்றத்தில் எழுப்பப்பட்ட கேள்வி ஆகிய மூன்றும் இணைந்ததாலேயே இம்மாற்றம் நிகழ்ந்தது. இன்றைய புலனாய்வு இதழியலின் அடிப்படையும் இதுவே.

பெஞ்சினா: ஓர் ஆய்வு

அண்மைக் காலத்தில் மிகப் பெரும் பயன் விளைத்த முயற்சி, ‘அசோசியேட்டட் பிரஸ்’ செய்தி நிறுவனம் 2015-இல் வெளியிட்ட தொடராகும். பெண் செய்தியாளர் நால்வர் அதன் ஆசிரியர்கள். இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியிலுள்ள பெஞ்சினா என்னும் தீவூருக்கு அவர்கள் சென்றனர். பெரும்பாலும் மியான்மரிலிருந்து தாய்லாந்து வழியாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அங்கு இருந்தனர். சிலர் கூண்டில் அடைக்கப்பட்டிருந்தனர். இறந்தவர்கள் போலித் தாய்லாந்துப் பெயர்களில் புதைக்கப்பட்டிருந்தனர்.

இக்கொடுமையைக் கண்டு எழுதுவதோடு செய்தியாளர்கள் நின்றிருந்தால், அது ஒரு துயரச் செய்தியாக மட்டுமே முடிந்திருக்கும். அவர்கள் மீனைத் தொடர்ந்தனர். அத்தொழிலாளர் பிடித்த மீனை ஏற்றிய சரக்குக் கப்பலின் பயணத்தைச் செயற்கைக்கோள் குறிப்பலைகளின் உதவியால் 15 நாட்கள் கண்காணித்தனர். தாய்லாந்துத் துறைமுகத்தில் மீன் இறக்கப்பட்டபோது, அதனை ஏற்றிச் சென்ற லாரிகளை இரவுதோறும் பின்தொடர்ந்து, அவை சென்றடைந்த ஆலைகளைக் குறித்துக்கொண்டனர். பின்னர்ச் சுங்க ஆவணங்களைக் கொண்டு, அவ்வாலைகளின் பொருள் அமெரிக்கச் சந்தையை அடைவதை நிறுவினர். கூண்டிலிருந்து கடைத்தெரு வரை தொடர் அறுபடாத சான்று இவ்வாறு உருவாயிற்று.

வெளியிடும் முறையிலும் ஒரு நெறி பின்பற்றப்பட்டது. பெயரோடும் முகத்தோடும் சான்று கூறியவர்கள் பழிவாங்கப்படலாம் என்பதால், அவர்கள் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்லப்படும் வரை செய்தி நிறுத்தி வைக்கப்பட்டது. 2015 மார்ச்சில் செய்தி வெளிவந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இந்தோனேசிய அரசு 300-க்கும் மேற்பட்டோரை அத்தீவிலிருந்து மீட்டது. தொடர்ந்து 2,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கட்டாய உழைப்பால் உருவான பொருள்களை, உள்நாட்டில் போதிய உற்பத்தி இல்லையெனில் இறக்குமதி செய்யலாம் என்று 1930-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் இருந்த விலக்கு 2016 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. அவ்வாண்டின் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு இத்தொடருக்குக் கிடைத்தது. தாய்லாந்து 2019-இல் மீன்பிடித் தொழிலாளர் உடன்படிக்கையை உறுதி செய்தது. ஆசியாவில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே.

சான்று திரட்டும் முறைகள்

கடல்சார் புலனாய்வில் மூவகைச் சான்றுகள் பயன்படுகின்றன. முதலாவது, கப்பலின் அடையாளம். பெயரும் கொடியும் எளிதில் மாற்றப்படலாம். ஆனால் சர்வதேசக் கடல்சார் நிறுவனத்தின் முறைப்படி வழங்கப்படும் ஏழிலக்க எண், கப்பல் உடைக்கப்படும் வரை மாறுவதில்லை. பதிவேடுகள், காப்பீட்டு ஆவணங்கள், துறைமுக ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றை இவ்வெண் ஒன்றிணைக்கிறது.

இரண்டாவது, கப்பலின் இயக்கம். சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் கருவியைப் பொருத்தியிருத்தல் வேண்டும். மோதலைத் தவிர்க்க ஏற்பட்ட இக்கருவி இன்று கண்காணிப்புக்கும் உதவுகிறது. இதனை அணைத்துவிடவும் இயலும். எனினும் எங்கே, எப்போது அணைக்கப்பட்டது என்பதே ஒரு தடயமாகிவிடுகிறது. செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் குறிப்பலை இல்லாத கலங்களையும் காட்டுகின்றன. உலகின் பெருந்தொழில் மீன்பிடிக் கலங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் தென்படுவதில்லை என்பதை இவ்வாறான படங்களின் உதவியால் 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மூன்றாவது, மனிதரின் வாய்மொழி. மற்ற இரண்டும் கப்பல் எங்கே இருந்தது என்பதைக் கூறும். கப்பலுக்குள் என்ன நேர்ந்தது என்பதை மனிதரே கூற இயலும். ஆகவே ஒருவர் கூற்றைத் தனித்தனியே விசாரிக்கப்பட்ட பிறர் கூற்றோடும், நாட்குறிப்பு, சம்பளச் சீட்டு, கைப்பேசிப் படம் முதலியவற்றோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

இம்மூன்றும் இணைந்தால் ஆண்டுகள் கடந்தும் நீதி கிடைக்கலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2014-இல் ஃபிஜித் தீவில் வாடகைக் கார் ஒன்றில் விடப்பட்ட கைப்பேசியில், நடுக்கடலில் நிராயுதபாணிகளாகத் தத்தளித்த மனிதர்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி பதிவாகியிருந்தது. கொல்லப்பட்டோரைக் காணவில்லை என்று எந்நாடும் அறிவித்திருக்கவில்லை. 2015-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் இயன் உர்பினா எழுதிய தொடர் இக்காட்சியை உலகறியச் செய்தது. படத்தின் பின்னணியில் தெரிந்த கலங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் தேடலைத் தொடர்ந்தனர். 2012-இல் இந்தியப் பெருங்கடலில் நிகழ்ந்த கொலை அது என்பது தெளிவாயிற்று. அக்கலத்தின் தலைவன் 2020-இல் தைவானில் கைது செய்யப்பட்டான். 2021-இல் நீதிமன்றம் அவனுக்கு 26 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

எல்லைகளும் பொறுப்புகளும்

புலனாய்வு இதழியல் நீதிமன்றத்துக்கோ காவல்துறைக்கோ மாற்றாக இயலாது. சம்மன் அனுப்பவும், கப்பலைச் சோதனையிடவும் அதற்கு அதிகாரமில்லை. ஒரு செய்தி வெளிவந்த பின் வாணிபம் வேறு துறைமுகத்துக்கு நகர்ந்துவிடுவதும் உண்டு. மீட்கப்பட்டவர் ஊதியமின்றி ஊர் திரும்பினால், அதே ஏஜெண்டிடம் மீண்டும் முன்பணம் பெறும் நிலை ஏற்படலாம்.

குற்றம் சாட்டப்படுவோருக்கும் உரிமைகள் உண்டு. 2024 மார்ச்சில் ஆந்திரப் பிரதேசத்தின் இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் தொழிலாளர் நிலைமை பற்றி, அங்கு மேலாளராகப் பணிபுரிந்த ஒருவர் அளித்த ஆவணங்களின் அடிப்படையில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பொன்று செய்தி வெளியிட்டது. நிறுவனம் அக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. இவ்வாறான வேளைகளில் மறுப்பையும் உடன் வெளியிடுதல், ஆவணங்களைப் பிறர் சரிபார்க்க இடமளித்தல், அரசு ஆய்வாளர் சுதந்திரமாக விசாரித்தல் ஆகியவையே உண்மையை நிலைநாட்டும். ஏற்றுமதிக்கு ஊறு நேரும் என்ற அச்சத்தால் புகாரை அடக்கி வைப்பது, நீண்ட நாளில் ஏற்றுமதிக்கே கேடாக முடியும் என்பதைத் தாய்லாந்தின் அனுபவம் காட்டுகிறது. அந்நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் விடுத்த எச்சரிக்கை 2019-இல்தான் விலக்கப்பட்டது.

இந்தியச் சட்டங்களின் நிலை

கட்டாய உழைப்பை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவான கூலிக்கு வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட கப்பலில் எவ்விடத்தில் நிகழும் குற்றத்துக்கும் பொருந்தும். கொடுமைக்குள்ளானவர் இந்தியராகவும், கப்பலும் குற்றம் புரிந்தவரும் வெளிநாட்டைச் சேர்ந்தோராகவும் இருக்கும்போதே சட்டத்தின் கை தளர்கிறது.

வணிகக் கப்பல் மாலுமிகளுக்குக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. 2006-இல் உருவான இதனை இந்தியா 2015-இல் உறுதி செய்தது. இரு மாத ஊதியம் வழங்காது, மாலுமியோடுள்ள தொடர்பை உரிமையாளர் துண்டித்துக்கொண்டால் அது கைவிடுதலாகும் என்றும், நான்கு மாத ஊதியத்துக்கான நிதிப் பொறுப்பு இருத்தல் வேண்டும் என்றும் 2017 முதல் விதி உள்ளது. 2025-இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆனால் அவ்வுடன்படிக்கை மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கென 2007-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மீன்பிடித் தொழில் உடன்படிக்கை தனியே உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல், ஓய்வு நேரம், மருத்துவ வசதி, ஊர் திரும்பும் உரிமை ஆகியவற்றை அது வரையறுக்கிறது. பெருமளவு மீனவரைக் கொண்ட நம் நாடு இவ்வுடன்படிக்கையின் நெறிகளை ஏற்பது குறித்துத் தீவிரமாகச் சிந்தித்தல் வேண்டும்.

கர்நாடக உயர் நீதிமன்றம் பெற்றுள்ள அதிகாரம் இங்கு மீண்டும் நினைவுகூரத்தக்கது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின்மீதான பற்றுரிமைகளுள் மாலுமிகளின் ஊதியத்துக்கே முதலிடம் வழங்குகிறது. ஊதியம் பெற வேண்டிய நாளிலிருந்து ஈராண்டு வரை இவ்வுரிமை நிலைத்திருக்கும். கப்பலை வாங்கியவர் புதியவராயினும் அது கப்பலைத் தொடரும். முன்னர் இத்தகைய அதிகாரம் கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய உயர் நீதிமன்றங்களையே பெரிதும் சார்ந்திருந்தது. இன்று புது மங்களூர்த் துறைமுகத்திலோ கார்வாரிலோ நிற்கும் கப்பலின் மாலுமி பெங்களூருவிலேயே நீதி நாடலாம். ஆட்கடத்தலுக்கோ கட்டாய உழைப்புக்கோ உள்ளானவர் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கிறது.

கர்நாடகக் கடற்கரை 300 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அதன் மீன்பிடித் துறைமுகமாகிய மல்பெயிலிருந்து 2018 டிசம்பரில் ஏழு மீனவரோடு புறப்பட்ட ‘சுவர்ண திரிபுஜ’ என்ற விசைப்படகு காணாமற் போயிற்று. 2019 மே மாதம் மகாராஷ்டிரத்தின் மால்வன் கடற்பகுதியில் அதன் சிதைவுகளைக் கடற்படைக் கப்பல் கண்டறிந்தது. அந்த நான்கரை மாதங்கள் ஏழு குடும்பங்களும் விடையின்றிக் காத்திருந்தன. கருவி எவ்வளவு முன்னேறினும், கடலுக்குச் சென்றவர் யார், எந்நிலையில் சென்றார் என்ற கணக்கு கரையில் சரியாக இருத்தல் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நிருவாகத்துக்கும் மாணவர்க்கும் உரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, துறைமுக ஆய்வாளர் கலத்தின் ஆவணங்களைப் பார்ப்பதோடு அமையாது, தொழிலாளரைத் தலைவன் இல்லாத இடத்தில், அவர்தம் தாய்மொழியில் வினவுதல் வேண்டும். மேற்குக் கரைப் படகுகளில் பிற மாநிலத்தவரும் பணிபுரிவதால், துளுவும் கன்னடமும் மட்டும் போதா. தமிழ், ஒடியா, இந்தி அறிந்தோரும் தேவை. பாஸ்போர்ட்டோ அடையாள அட்டையோ யாரிடம் உள்ளது என்ற ஒரு கேள்வியே பல உண்மைகளை வெளிப்படுத்தும்.

இரண்டாவதாக, கைவிடப்பட்ட கப்பல்கள், உரிமம் இழந்த ஆள்சேர்ப்பு நிலையங்கள், கடலில் இறந்தோர் பற்றிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கும்வரை காத்திராது அரசே முறையாக வெளியிடுதல் நலம். பதிவேடு திறந்திருந்தால் போலி ஏஜெண்டுக்குச் சந்தை குறையும்; கடலுக்குச் செல்ல விரும்பும் இளைஞர் முன்பணம் வாங்கும் முன்னரே உண்மையை அறிவர்.

மூன்றாவதாக, மீட்புக்குப் பின் ஊதியம் பெற்றுத் தருவதை மீட்பின் ஒரு பகுதியாகவே கருதுதல் வேண்டும். காவல்துறை, துறைமுகம், தொழிலாளர் துறை, சட்டப் பணிகள் ஆணையம் ஆகியவை ஒருங்கிணைந்து செயற்பட்டால், கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கும் முன்னரே உயர் நீதிமன்றத்தை அணுக இயலும். கப்பல் சென்றுவிட்டால் உரிமை ஏட்டளவிலேயே எஞ்சும்.

நான்காவதாக, இதழியலும் சட்டமும் பயிலும் மாணவர் கப்பல் பதிவேடுகளையும் சுங்க ஆவணங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் படித்தறியும் பயிற்சி பெறுதல் வேண்டும். விண்வெளி ஆராய்ச்சி நிலையங்களும் சட்டப் பல்கலைக்கழகமும் உயர் நீதிமன்றமும் ஒருங்கே அமைந்த பெங்களூரு இப்பயிற்சிக்கு ஏற்ற இடமாகும். கடலோர மாவட்டங்களின் மீனவர் சங்கங்களும் மாலுமிகளின் குடும்பங்களும் இதில் பங்கேற்றால், ஏட்டறிவு நடைமுறை அறிவாக மாறும்.

கடலிலிருந்து வரும் அபாயக் குறிப்பைச் சில நிமிடங்களில் பெற்றுக்கொள்ளும் ஆற்றலை நம் அறிவியல் உருவாக்கித் தந்துள்ளது. பொத்தானை அழுத்த இயலாதவனின் முறையீட்டைக் கேட்கும் ஆற்றலை நிருவாகமும் சட்டமும் இதழியலும் கூடியே உருவாக்க வேண்டும். கரையில் எழுதப்படும் ஒவ்வொரு பெயரும், சரிபார்க்கப்படும் ஒவ்வோர் ஒப்பந்தமும், தயங்காது விசாரிக்கப்படும் ஒவ்வொரு புகாரும் அம்முறையீடு கரைக்கு எட்டுவதற்கான வழிகளாகும்.